பட்லர் நேசையாவின் மூன்றாம் ஈடு

பட்லர் நேசையா தம் ஆயுசில் ஒரே ஒரு சாயங்காலம்தான் குடித்தார். அதுவும் ஆசைப்பட்டுக் குடிக்கவில்லை. ஆனால் ஊர் வாய் அதையெல்லாம் பார்க்குமா? சாகும்வரை அவருக்குக் குடிகாரன் என்ற பெயர்தான். அவரைக் குடிக்க வைத்த பலவேசத்துக்குப் பண்ணையார் என்ற பெயர் ஏற்கெனவே இருந்தது. அது கடைசிவரை அப்படியே இருந்தது.

பலவேசத்தை 'அவர்' என்றும் நேசையாவை 'அவன்' என்றும் சொல்வதுதான் அந்த ஊர் வழக்கம். இங்கே அப்படி வராது. யாருக்கு மரியாதை கொடுப்பது என்று பண்ணை வீட்டில் போய்க் கேட்டுவிட்டு எழுத வேண்டிய தலையெழுத்து எனக்கு இல்லை.

ஊர் சீவலப்பேரிக்கு மேற்கே இருந்தது. ஆற்றை ஒட்டிக் கீழத்தெரு. அங்கே இருந்தவர்களுக்குப் பண்ணை வயலில் நடவும் அறுப்பும்தான் பிழைப்பு. அதைத் தாண்டி மேலத்தெரு. மேலத்தெருவையும் தாண்டினால் பாளையங்கோட்டை ரஸ்தா, ரஸ்தா ஓரத்தில் வேதக்கோயில். கீழத்தெருவில் பாதிப் பேர் வேதக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவதற்குக்கூட அவர்கள் மேலத்தெருவில் கால் வைக்க முடியாது. வயல் வரப்பில் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். சில வருஷத்துக்கு முன்னால் கீழத்தெரு மாப்பிள்ளைப் பையன் ஒருவன் குடை பிடித்துக்கொண்டு மேலத்தெரு வழியாக நடந்து பார்த்தான். குடையோடு சேர்த்து அவன் மணிக்கட்டையும் முறித்து அனுப்பினார்கள்.

நேசையாவின் தகப்பனாருக்கு ஞானஸ்நானத்துக்கு முந்தைய பெயர் மாடன். மகன் மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலு எழுத்துப் படித்து, பாளையங்கோட்டையில் ரோடு போடுகிற துரை ஒருவரின் பங்களாவில் தட்டுக் கழுவப் போய், பட்லராகவே ஆனார். துரை வீட்டில் அவர் 'மிஸ்டர் நேசையா'. பண்ணை வீட்டுக்கு மட்டும் எப்போதும் மாடன் மவன்தான்.

அந்தத் துரைக்கு ஒரு பயம். வடக்கே எங்கேயோ அவருடைய சிநேகிதன் ஒருவனுக்கு வேலைக்காரன் விஷம் வைத்துவிட்டானாம். அதிலிருந்து அவர் வீட்டில் ஒரு சட்டம்: பட்லர் ஒரு கரண்டி வாயில் ஊற்றிப் பார்த்த பிறகுதான் எந்தப் பானமும் மேசைக்கு வரவேண்டும். துரைக்குத் தம் உயிர் மேல் அவ்வளவு ஆசை. பட்லர் உயிர்மேல் அந்த அளவுக்குக் கிடையாது. துரைக்குச் சரக்குகளைச் சேர்த்துக் காக்டேல் கலக்குவதும் நேசையாதான்; அதை வாயில் வைப்பது பாவமாயிற்றே என்று பயந்துபோய்க் குருவானவரிடம் கேட்டார். அவர் கொஞ்சநேரம் தாடியைத் தடவிவிட்டு, "முதல் கரண்டி உத்தியோகம், ரெண்டாவது கரண்டி பாவம்" என்று தீர்ப்புச் சொன்னார். நேசையா அந்த இரண்டாவது கரண்டிப் பக்கம் போனதே இல்லை. ஆனால் முதல் கரண்டி, வருஷக்கணக்காகப் பழகிப் பழகி, அவர் நினைக்காமலே வாய்க்குப் போகிற அளவுக்குக் கையில் ஊறிப்போயிற்று.

துரை சீமைக்குக் கப்பலேறிய பிறகு நேசையா ஒரு வெள்ளைக் கோட்டோடு ஊருக்குத் திரும்பினார். சம்சாரம் எலிசபெத். மூத்தவள் ஹெப்சிபா, இளையவள் சாலோமி. ஹெப்சிபா மிஷன் போர்டிங்கில் படித்து லேஸ் பின்னக் கற்றவள். அவளுக்குப் பாளையங்கோட்டையில் வாத்தியார் வேலை பார்த்த பாக்கியசீலனைப் பேசி முடித்து, கோயிலில் கல்யாண ஓலையும் வாசித்தாயிற்று. மாப்பிள்ளையின் தகப்பனார் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார். "பொண்ணு வண்டியில வந்து எறங்கட்டும். பத்துப் பேர் பாக்க, முழங்கால் சேத்தோட வந்து நிக்கப்படாது."

அது கார்த்திகை மாசம். வரப்பெல்லாம் மழையில் கரைந்து கிடந்தது. வண்டி போகிற பாதை மேலத்தெரு ஒன்றுதான். கீழத்தெருவிலிருந்து எந்தக் கல்யாணப் பெண்ணும் அதுவரை அந்த வழியாக வண்டியில் போனதில்லை.

நேசையா பண்ணை வீட்டு வாசலில் போய் மழையில் நின்றார். பலவேசம் உள்ளே வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான். ஆகட்டும் என்றும் சொல்லவில்லை, ஆகாது என்றும் சொல்லவில்லை. தினமும் ஹெப்சிபா கேட்பாள்: "அப்பா, வண்டி வருமா?" "வரும்மா" என்பார். வேறு என்ன சொல்வார் பாவம்!

இந்தச் சமயத்தில்தான் பலவேசத்தின் பெண்டாட்டியோடு பிறந்தவன் பேட்டையிலிருந்து வந்து சேர்ந்தான். ஊரார் அவனைப் பேட்டைக்காரர் என்பார்கள். தூத்துக்குடியில் வெள்ளைக்கார வியாபாரிகளோடு பழக்கம் உள்ளவன். அங்கே தான் குடித்த காக்டேலைப் பற்றி வாய் ஓயாமல் அளந்தான். "உம்ம ஊரு சரக்கு மாட்டுக்குத்தான் லாயக்கு அத்தான்" என்றான். பலவேசத்துக்குச் சுருக்கென்றது. "எங்கூர்ப் பறட்டைப்பய ஒருத்தன் அதக் கிண்டுவான் வே, பாக்குதீரா?" என்று சொல்லிவிட்டான். சனிக்கிழமை சாயங்காலம் பூதத்தான் கடைக்கு வரும்படி நேசையாவுக்கு ஆள் வந்தது. நன்றாகக் கலக்கிக் கொடுத்தால் வண்டி விஷயம் பார்க்கலாம் என்றும் சேதி வந்தது.

எலிசபெத்துக்குப் பிடிக்கவில்லை. "சாராயக்கடைக்கா? விடிஞ்சா நற்கருணை. அதுக்கு இன்னைக்குச் சாயங்காலம் ஆயத்த ஆராதனை வேற இருக்கு. சபையார் பாத்தா என்ன நெனப்பாங்க?"

"நீங்க மூணு பேரும் கோயிலுக்குப் போங்க. நான் கிண்டிக் குடுத்துட்டு, உத்தரவு வாங்கிட்டுப் பைய வந்து சேந்துருதேன்."

பூதத்தான் கடை இரண்டு தெருவுக்கும் நடுவில், ஆலமரத்தடியில் இருந்தது. முன்பக்கம் வழிப்போக்கர்களுக்கு, பின்பக்கம் பெஞ்சு போட்ட அறை பெரியவர்களுக்கு, பக்கத்துச் சுவரில் ஒரு பொந்து கீழத்தெருவுக்கு. பொந்து வழியாகப் பூதத்தான் ஊற்றுவான், வெளியே பனையோலைப் பட்டையை ஏந்திக்கொண்டு நிற்க வேண்டும். கடைக்கு வெளியே முப்பிடாதி அடுப்பு வைத்துத் தொடுகறி போடுவாள். அன்றைக்கு அவள் சட்டியில் கெண்டை மீனும் ஆட்டு ஈரலும் பொரிந்தன. மிளகு தூவின அவித்த முட்டை ஒரு பக்கம், காடை வறுவல் ஒரு பக்கம். வாசனை ஆற்றங்கரைவரை வந்தது.

நேசையா வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு பின்பக்க அறைக்குள் நுழைந்தார். கீழத்தெருக்காரர் ஒருவர் அதற்குள் காலடி வைத்தது அதுதான் முதல்தடவை. தீட்டு? அதற்கும் பலவேசம் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தான். நீளமான வெள்ளிக் கரண்டி பண்ணை வீட்டிலிருந்து வந்தது. "சரக்குல கை படப்படாது. கிளாஸத் தொடப்படாது. சாடியில கிண்டி வச்சிட்டு எட்டி நின்னுக்கோ. பூதத்தான் எடுத்து ஊத்துவான். சாராயத்துக்குத் தீட்டு கெடையாதுலே" என்றான். தனக்கு வேண்டியது என்றால் சாஸ்திரம் வளைந்து கொடுக்கும், அதில் ஒன்றும் அதிசயமில்லை.

"உத்தரவு எசமான்" என்றார் நேசையா.

பேட்டைக்காரன் தூத்துக்குடிச் சரக்கு கொண்டுவந்திருந்தான். ஜின், பிராந்தி, சின்னக் குப்பியில் கசப்பு மருந்து. ஐஸ் கிடையாது. நேசையா வெடியுப்பு வாங்கிவரச் சொல்லி, தண்ணீரில் கரைத்து, அதற்குள் புட்டிகளை வைத்து உருட்டிக் குளிரவைத்தார். எலுமிச்சை, சர்க்கரைப் பாகு, சோடா. முதல் ஈடு ஜின். கலக்கும்போது கை ஒருதடவை கரண்டியோடு மேலே கிளம்பியது. நேசையா உதட்டை இறுகக் கடித்துக்கொண்டு அதை இறக்கினார்.

பேட்டைக்காரன் ஒரு வாய் குடித்தான். கண்ணை மூடிக்கொண்டான். "அடேயப்பா! தூத்துக்குடியில கூட இந்தக் கைப்பக்குவம் கெடையாது வே."

பலவேசத்துக்குப் பெருமை பிடிபடவில்லை. தானே கலக்கினதுபோல மீசையை முறுக்கினான். கூட இருந்த நாலைந்து சொந்தக்காரர்களும் ஆளுக்கொரு கிளாஸ் ஏற்றினார்கள். முப்பிடாதி இலையில் மீனை வைத்து நீட்டிக்கொண்டே இருந்தாள். இரண்டாம் ஈடு பிராந்தி, முட்டை அடித்து, மேலே ஜாதிக்காய் சீவிப் போட்டது. அதற்கும் நேசையா உதட்டைக் கடித்துக்கொண்டார். அது முடிந்தபோது அறை முழுக்கச் சிரிப்பும் ஏப்பமும்தான்.

"கேளுலே மாடன் மவனே. என்ன வேணும் ஒனக்கு?" என்றான் பலவேசம்.

நேசையா கும்பிட்டார். "பிள்ளைக்கு வண்டி எசமான். மேலத்தெரு வழியா கோயில்வரைக்கும். அது போதும்."

"போவட்டும்லே! நம்ம வில்வண்டியவே தாரேன். வெள்ளக்காளை பூட்டித் தாரேன். போதுமா?"

நேசையாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஹெப்சிபா வில்வண்டியில் வந்து இறங்குவதையும், சம்பந்தி எழுந்து வருவதையும், தான் பின்னிய லேஸ் வைத்த முந்தானையை அவள் சேறு படாமல் ஒதுக்கிக்கொண்டு நிற்பதையும் அங்கேயே பார்த்துவிட்டார். அந்தச் சந்தோஷத்தில் உதட்டைக் கடிக்க மறந்தார். மூன்றாம் ஈட்டைக் கலக்கும்போது கரண்டி மேலே போயிற்று, வாய்க்குள் போயிற்று, வெளியே வந்தது. இனிப்பு ஒரு பிடி தூக்கல். எலுமிச்சையை இன்னும் கொஞ்சம் பிழிந்து, அதே கரண்டியால் கிண்டி வைத்துவிட்டு எட்டி நின்றார். தாம் செய்தது அவருக்கே தெரியாது.

அடுப்படியிலிருந்து முப்பிடாதி பார்த்தாள். பார்த்துவிட்டு மீனைத் திருப்பிப் போட்டாள். பேட்டைக்காரனும் பார்த்தான். தன் கிளாஸை மட்டும் பெஞ்சுக்குக் கீழே தள்ளி வைத்துவிட்டு, மற்றவர்கள் குடிக்கட்டும் என்று காத்திருந்தான். பலவேசம் ஒரே மடக்கில் காலி செய்து, "இதுதான் எல்லாத்தையும் தூக்கி அடிச்சிட்டு" என்று நாக்கைச் சப்புக்கொட்டினான். இன்னொரு கிளாஸும் வாங்கினான்.

அதற்கப்புறம்தான் பேட்டைக்காரன் விழுந்து விழுந்து சிரிக்க ஆரம்பித்தான். "ருசியா இருக்காதா பின்ன? அந்தப் பய வாயில வச்ச கரண்டியிலல்லா கிண்டியிருக்கான். அத்தான், இன்னைக்கு நீரு மாடன் மவன் எச்சியக் குடிச்சிட்டீரு வே!"

ஒருத்தன் வெளியே ஓடி வாந்தி எடுத்தான். நேசையா கரண்டியைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தடாலென்று தரையில் விழுந்தார். "பழக்கதோஷம் எசமான். துரை வீட்டுப் பழக்கம். அறியாமச் செஞ்சிட்டேன். மன்னிக்கணும் எசமான்."

அடிப்பார்கள் என்று நினைத்தார். அடித்திருந்தால் தேவலை. பலவேசம் அடிக்கவில்லை. மைத்துனன் முன்னால் பட்ட அவமானத்துக்கு அடி எம்மாத்திரம்! அவன் மெதுவாகக் கேட்டான். "ஒனக்கு வண்டி வேணும்லா?"

"எசமான்..."

"சாடி எச்சியாயிட்டு. நாங்க குடிக்க முடியாது. மிச்சம் பூரா நீயே குடிச்சிரு. குடிச்சாத்தான் உத்தரவு நிக்கும். இல்லன்னா இந்த ஊர்ல வண்டிச் சத்தமே ஒங்காதுல விழாது."

நேசையா குடிக்காதவர், மறுநாள் நற்கருணை எடுக்க இருந்தவர். இரண்டாவது கரண்டி பாவம் என்பது அவருக்கு மறக்கவில்லை. ஆனால் மகளின் வண்டியும் அந்தச் சாடிக்குள்தான் கிடந்தது. யாரும் அவர் கையைப் பிடிக்கவில்லை, வாயைப் பிளக்கவில்லை. தாமே சாடியை எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவரே, பிள்ளைக்காக" என்று முனகிவிட்டு, மடக் மடக்கென்று குடித்தார். சாடி காலியானதும் பேட்டைக்காரன் பிராந்தியில் மிச்சமிருந்ததை ஊற்றினான். அதையும் குடித்தார். "வெறும் வயித்துல குடிக்காதலே, தொட்டுக்கோ" என்று தின்றுபோட்ட இலைகளை அவர் முன்னால் தள்ளினார்கள். முள்ளும் எலும்பும் எச்சில் துண்டுமாகக் கிடந்தது. அதையும் தின்றார். எல்லாரும் சுற்றி நின்று, நாய்க்குச் சோறு போட்டு வேடிக்கை பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குள் நேசையாவுக்குக் கால் நிற்கவில்லை. கோட்டிலேயே வாந்தி எடுத்து அதிலேயே கிடந்தார்.

"சொன்ன வாக்கு தவறப்படாது" என்றான் பலவேசம். "வண்டியப் பூட்டுங்கலே."

வில்வண்டி இல்லை, குப்பை வண்டி. அதில் அவரைத் தூக்கிப் போட்டு, எச்சில் இலைகளை அட்சதைபோல மேலே இறைத்து, கிழிந்த குடை ஒன்றை வண்டியில் கட்டி, தகரத்தைத் தட்டிக்கொண்டு மேலத்தெரு வழியாக ஓட்டினார்கள். வாசலுக்கு வாசல் ஜனங்கள் வந்து நின்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை எழுதுகிறபோது எனக்கு இப்போதும் ஆத்திரம் ஆறவில்லை.

வண்டி வேதக்கோயிலை நெருங்கியபோது ஆயத்த ஆராதனை முடிந்து சபையார் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். குருவானவர் வாசலில் நின்றார். ஹெப்சிபா தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். வண்டிக்காரன் உரக்கக் கூப்பிட்டான்.

"பட்லர் மவ யாரு? ஒங்கப்பன் ஒனக்கு வண்டி வாங்கிட்டு வந்துருக்கான் பாரு. ஏறிக்கோ!"

நேசையா குரல் கேட்டுத் தலையைத் தூக்கினார். மகளைப் பார்த்துச் சிரித்தார். "வந்துட்டும்மா... வண்டி வந்துட்டு" என்றார். குடிவெறியில் அவர் அதை உண்மையாகவே நம்பினார். அதுதான் கொடுமை.

ஹெப்சிபா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

பண்ணை ஆட்கள் எச்சில் குடித்த கதையை வெளியே சொல்ல முடியுமா? ஆற்றில் முங்கிக் குளித்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள். வெளியே வந்த கதை ஒன்றுதான்: பட்லர் ஓசிச் சரக்கைக் கண்டதும் முட்டக் குடித்து விழுந்தான். குருவானவர் விசாரித்தார். பூதத்தானுக்கு ஒன்றும் தெரியாதாம். முப்பிடாதி மீன் பொரித்துக்கொண்டிருந்தாளாம். கடைசியில் குருவானவர் நேசையாவையே கேட்டார்.

"உம்மைப் பிடிச்சு வச்சு ஊத்துனாங்களா?"

"இல்லை ஐயா."

"நீராக் குடிச்சீரா?"

"நானாத்தான் குடிச்சேன் ஐயா."

ஈஸ்டர் வரைக்கும் சபை விலக்கு. மாப்பிள்ளை வீட்டார் நல்லவர்கள். பெண்மேல் குறை சொல்லவில்லை. தகப்பன் மட்டும் கோயிலுக்குள்ளும் பந்தியிலும் வரக்கூடாது என்றார்கள். புதன்கிழமை கல்யாணத்துக்கு ஹெப்சிபா வரப்பு வழியாகத்தான் போனாள். இரண்டு தடவை வழுக்கி விழுந்தாள். இரவெல்லாம் விழித்துப் பின்னிய லேஸ் முழுக்கச் சேறு. நேசையா பின்னாலேயே நடந்துபோய்க் கோயில் வெளியே, ஜன்னலோரம் நின்றார். உள்ளே பாட்டுக் கேட்டது. பாளையங்கோட்டைக்குப் புறப்படும்போது அவள் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள், தங்கையைக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்பாவைத் தாண்டிப் போய்விட்டாள்.

பொங்கலுக்குப் பேட்டைக்காரன் மறுபடி வந்தான். நாக்கு ருசி கண்டுவிட்டதல்லவா! பூதத்தான் கீழத்தெருவுக்கு வந்து வாசலில் நின்று கூப்பிட்டான். "பட்லரே, பண்ணையார் வரச் சொல்லுதாரு. அன்னைக்கு மாதிரி ஒண்ணும் நடக்காது, பயப்படாதீரும்."

எலிசபெத் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "போகாதீங்க. பட்டது போதாதா? இன்னும் என்னத்துக்குங்க?"

நேசையா துவைத்து வைத்திருந்த வெள்ளைக் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். "சாலோமி இருக்காள்லா" என்றார்.

கடையில் பலவேசம் இந்தத் தடவை முன்யோசனையோடு இருந்தான். சுடலைமாடனுக்குப் படையல் பொங்குகிற பூசாரி எச்சில் தெறிக்காமலிருக்க வாயைத் துணியால் கட்டிக்கொள்வதுபோல, நேசையாவின் வாயைத் துணியால் இறுகக் கட்டச் சொன்னான். முடிச்சைப் பூதத்தான் பின்னந்தலையில் போட்டான். அவர் கலக்கினார். அவர்கள் குடித்தார்கள், காடை தின்றார்கள், மெச்சினார்கள். எல்லாருக்கும் மனசு குளிர்ந்திருந்த நேரம் பார்த்து நேசையா முன்னால் வந்து கும்பிட்டு நின்றார்.

"என்ன அத்தான், என்னமோ கேக்கணும்போல நிக்கான்?" என்று பேட்டைக்காரன் சிரித்தான்.

"கேக்கட்டுமே. யாரு வேண்டாம்ன்னா?" என்றான் பலவேசம், அடுத்த கிளாஸை நீட்டியபடி. துணியை அவிழ்த்துவிடச் சொல்லி அவன் கடைசிவரை சொல்லவில்லை. நேசையா கும்பிட்ட கையை இறக்காமல் நின்றுகொண்டே இருந்தார்.